அரை இஞ்ச் வள்ளல்

ஐரோப்பாக்காரர்களைப் போன்ற கஞ்சர்களை நான் பார்த்ததில்லை. பணத்தில் எப்படியோ, இடைவெளி விடுவதில் மகா கஞ்சர்கள். சமையலறை அலமாரியில் இரண்டு கதவுகள் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் நடுவே 3 மில்லிமீட்டர்தான் விடுவார்கள். அதுவும் மேலே 3 என்றால் கீழேயும் 3. கீழே கொஞ்சம் தாராளமாக 7 விட்டால் குடியா முழுகிவிடும்? மனசு வராது. பக்கப் பலகையில் துளை போடுவதற்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். துளையின் விட்டம் 5 மில்லிமீட்டர், ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் 32 மில்லிமீட்டர், முன்விளிம்பிலிருந்து 37 மில்லிமீட்டர். கீலின் கிண்ணம் உட்காரும் குழி 35 மில்லிமீட்டர். எல்லோரும் இந்த எண்களை ஒத்துக்கொண்டுவிட்டதால் ஒரு நாட்டில் செய்த கீல் இன்னொரு நாட்டில் செய்த கதவில் சத்தமில்லாமல் போய் உட்கார்ந்துகொள்கிறது. இதில் என்ன சுவாரசியம் இருக்கிறது?

1989-இல் ஒரு சர்வதேசத் தர ஆவணமும் வந்தது. ஐ.எஸ்.ஓ. 2768 என்று பெயர். வரைபடத்தில் தனியாகச் சொல்லாத அளவுகள் எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்று அது சொல்கிறது. உலோக வேலையை மனதில் வைத்து எழுதியதுதான். மற்ற பட்டறைக்காரர்களும் அதைப் பார்த்துக்கொள்வதுண்டு. 400 மில்லிமீட்டருக்கு மேல் 1000 வரை உள்ள ஓர் அளவு, நுட்பமான வேலை என்றால் 0.3 மில்லிமீட்டர் கூடலாம், குறையலாம். நடுத்தரம் என்றால் 0.8. முரட்டு வேலை என்றால் 2. மிக முரட்டு வேலை என்றால் 4. அதோடு அவர்களுக்குக் கை ஓய்ந்துவிட்டது. ஐந்தாவதாக ஒரு வகுப்பு எழுதத் தெம்பில்லை. எழுதாமலேயே அந்த ஐந்தாம் வகுப்பை நடத்திக்காட்டியவர் எங்கள் வீட்டு இன்டீரியர் காண்ட்ராக்டர்.

பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் கூட்டம் கூடிவிடும். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரே நேரத்தில் பல ஃப்ளாட்டுகளில் வேலை ஓடிக்கொண்டிருக்கும் மனிதர். வள்ளல் என்றே வைத்துக்கொள்வோம்.

வள்ளல் அளவெடுக்கும் அழகைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். சாதாரண ஆட்கள் ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்கு அளந்தால் தரையோரம் ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை, மேலே ஒரு தடவை அளந்து, மூன்றில் எது சின்னதோ அதை எடுத்துக்கொள்வார்கள். சுவர் மேல் சந்தேகம் உள்ளவர்களின் வேலை அது. வள்ளலுக்கு அந்தப் புத்தி கிடையாது. இடுப்பு உயரத்தில் ஒரே தடவை. ஒரு நுனியை உதவிக்கு வந்த பையன் பிடிக்க, மறுநுனியை இவர் ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பிடிக்க, நடுவே டேப் லேசாகத் தொய்ந்து கிடக்கும். தொய்ந்த டேப் நிஜ அளவைவிடக் கூடுதலாகக் காட்டும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பெரிய மனசுக்குத் தெரிய வேண்டியதில்லை.

அந்த டேப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். எந்த டேப்பிலும் நுனிக் கொக்கி சற்று ஆடும். அது பழுதில்லை. கொக்கித் தகட்டின் கனம் எவ்வளவோ அவ்வளவு மட்டும் முன்னும் பின்னும் நகரும்படியே செய்திருப்பார்கள். பலகையின் வெளிவிளிம்பில் மாட்டி இழுத்தாலும், பெட்டிக்குள் முட்டக் கொடுத்தாலும் அளவு ஒன்றாக வரவேண்டுமே, அதற்காக. வள்ளலின் டேப்பில் அந்த ஆட்டம் பல வருட உழைப்பில் வளர்ந்து ஒரு நூலுக்கு வந்திருந்தது. எட்டு நூல் ஓர் இஞ்ச். ஒரு நூல் 3 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ஐரோப்பாக்காரன் இரண்டு கதவுக்கு நடுவே மொத்தமாக விடுகிற இடத்தை இவர் டேப்பின் நுனியிலேயே தானமாகக் கொடுத்துவிடுகிறார்.

எடுத்த அளவுகளை எங்கே எழுதினார் என்று கேட்கிறீர்களா? சுவரில்தான், பென்சிலால். மறுவாரம் பெயின்டர் வந்து அதன் மேல் ப்ரைமர் அடித்தார். நாங்கள் பதறினோம். "மனசுல இருக்கு சார்" என்றார். சத்தியமாக இருந்தது. டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால் எடுத்த அளவு அப்படியே மனசில் இருந்தது. டைல்ஸும் அதன் பின்னால் கலவையும் சேர்ந்து பக்கத்துக்கு அரை இஞ்சுக்கு மேல் தின்றிருந்ததை, மேடைக்குக் கீழே பெட்டியைத் தள்ளிப் பார்த்தபோது பெட்டியே சொன்னது. வள்ளல் அசரவில்லை. கிரைண்டர் மாதிரி இரையும் கட்டிங் மெஷினைச் சமையலறைக்குள்ளேயே வைத்துப் பெட்டியின் ஓரத்தைச் சீவினார். அன்று எங்கள் ரசத்தில் பிளைவுட்டின் மணம் இருந்தது. அது நல்ல ரகப் பிளைவுட், கொட்டேஷனில் ஐ.எஸ். 710 என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்.

டிராயரில்தான் அவர் கலை முழுதாக விளங்கியது. கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். வெளி அகலம் 450 மில்லிமீட்டர் உள்ள ஒரு பெட்டி. இரு பக்கமும் 18 மில்லிமீட்டர் பலகை போக உள்ளே 414. டெலஸ்கோப்பிக் சேனல் ஒரு பக்கத்துக்கு அரை இஞ்ச் இடம் கேட்கும். இரண்டு பக்கமும் சேர்த்து 25.4 மில்லிமீட்டர். அதற்கு மேல் அரையோ ஒன்றோ இருந்தால் பொறுத்துக்கொள்ளும். குறைந்தால் பொறுக்காது, டிராயர் இறுகிவிடும். ரொம்பக் கூடினாலும் ஆகாது. சேனல் பிடி தளர்ந்து டிராயர் தொங்கும். மொத்த அலமாரியிலும் விட்டுக்கொடுக்கவே தெரியாத இடம் இதுதான். கதவில் 3 மில்லிமீட்டர் பிசகினால் கண்ணுக்குத்தான் வலி. டிராயரில் பிசகினால் தோள்பட்டைக்கு வலி.

வள்ளல் 414-இல் 26-ஐக் கழித்து 388-க்கு டிராயர் பெட்டியை அடித்துவிட்டார். கழித்தலில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. அப்புறம்தான் மைக்கா வந்தது. வெளிப்பெட்டியின் உட்புறம் இரு பக்கமும் ஒவ்வொரு மில்லிமீட்டர் ஒட்டினார்கள். 414 இப்போது 412. டிராயரின் வெளிப்புறம் இரு பக்கமும் ஒவ்வொரு மில்லிமீட்டர். 388 இப்போது 390. மிச்சம் 22. இருபத்தைந்தரை கேட்கும் சேனலுக்கு இருபத்திரண்டு. பசையின் கனத்தை நான் சேர்க்கவில்லை. பெருந்தன்மை அவர் ஒருவருக்கு மட்டும் சொந்தமா என்ன?

என் மனைவி அந்த டிராயரை இழுத்தாள். டிராயர் வரவில்லை, கைப்பிடி வந்தது. வள்ளல் புன்னகை மாறாமல், "புதுசு மேடம், டைட்டாத்தான் இருக்கும். யூஸ் பண்ணப் பண்ண ஃப்ரீ ஆயிடும்" என்றார். எஃகுத் தகடும் எஃகுக் குண்டுகளும் எங்கள் வீட்டுக் கரண்டிகளை ஏற்றி இறக்கியே தேய்ந்து மூன்று மில்லிமீட்டர் வழி விடும் என்ற அந்த நம்பிக்கைக்கு முன்னால் நாங்கள் வாயடைத்துப் போனோம்.

அடுத்த டிராயரில் நேர்மாறு. முந்தைய தவறைத் திருத்துகிறேன் பேர்வழி என்று எட்டு மில்லிமீட்டர் குறைத்து அடித்திருந்தார். சேனலுக்கும் பலகைக்கும் நடுவே இப்போது கொள்ளை இடம். இதற்கு வள்ளல் கண்ட வழியை எந்த ஜெர்மன் தொழிற்சாலையிலும் நீங்கள் பார்க்க முடியாது. சட்டைப் பையிலிருந்து தன் விசிட்டிங் கார்டை எடுத்து, நாலாக மடித்து, சேனலுக்குப் பின்னால் செருகி, ஸ்க்ரூவை முடுக்கிவிட்டார். டிராயர் நின்றது. மழைக்காலம் வந்து அட்டை நமுத்துச் சப்பையாகும் வரை ஒழுங்காகவே ஓடியது. தன் பெயரை வாடிக்கையாளர் வீட்டில் இவ்வளவு ஆழத்தில் பதித்துவிட்டுப் போகிற தொழிலதிபர் வேறு யார்?

என் மாமா ஒருவர் பெரம்பூர் ஐ.சி.எஃப்.-இல் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ரயில்பெட்டி செய்கிற இடத்தில் வாழ்நாளைக் கழித்தவருக்கு மனிதர்களைப் புரிந்துகொள்வது கொஞ்சம் சிரமம். பால் காய்ச்சுகிற அன்று வந்தவர், காபியைக் கையில் வாங்குவதற்கு முன்னால் பையிலிருந்து ஃபீலர் கேஜை எடுத்தார். மெல்லிய எஃகுத் தகடுகளை விசிறியாக அடுக்கி வைத்த சின்னக் கருவி அது. ஒவ்வொரு தகட்டிலும் அதன் கனம் பொறித்திருக்கும். அதை வைத்து இரண்டு கதவுக்கு நடுவே உள்ள இடுக்கை மேலிருந்து கீழாக அளந்துகொண்டே வந்தார். பாதி தூரத்தில் தகடுகள் தீர்ந்துவிட்டன. கேஜை மூடிப் பையில் போட்டுவிட்டுச் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். போனது.

"தம்பி, இது என்ன கேப்பு?"

"அது டிசைன் கேப் ஐயா. இப்ப எல்லாரும் அப்படித்தான் கேக்குறாங்க."

"மேல ரெண்டு எம்.எம். இருக்கு. கீழ பத்து இருக்கே?"

"காத்து போகணும்ல ஐயா."

மாமா அதற்கு மேல் பேசவில்லை. டேப்பை வாங்கி ஒரு கதவின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்தார். 720 உயரம், 600 அகலம் உள்ள கதவு; சதுரமாக வெட்டியிருந்தால் இரண்டும் 937 மில்லிமீட்டர் வரவேண்டும். ஒன்று 934, இன்னொன்று 940. மூலைமட்டம் கையில் இல்லாதவனுக்கும் இந்த ஒரு சோதனை போதும்: இரண்டு மூலைவிட்டமும் ஒன்றாக இருந்தால் சதுரம், இல்லையென்றால் சாய்சதுரத்தின் உறவுக்காரன். வள்ளல் அந்தக் கதவை மாட்டியிருந்த விதத்தையும் பாராட்ட வேண்டும். மறைகீலில் மூன்று திருகாணிகள் இருக்கும். கதவை இடம் வலமாக, மேல் கீழாக, முன் பின்னாக இரண்டு மூன்று மில்லிமீட்டர் நகர்த்திச் சரிசெய்யலாம். வேலை முடிந்த பிறகு கடைசி நேரத்தில் தட்டிக்கொட்டிச் சரிபார்க்க வைத்த வசதி. வள்ளல் மூன்று திருகாணியையும் முதல் நாளே கடைசி முனை வரை திருகித் தீர்த்துவிட்டு, "இதுக்கு மேல கம்பெனிக்காரன் குடுக்கல சார்" என்று குறைபட்டுக்கொண்டார். கொடுத்திருந்தால் அதையும் செலவழித்திருப்பார்.

குறை சொல்கிறவர்களுக்கு வள்ளல் இரண்டு பதில்கள் வைத்திருக்கிறார். இரண்டிலும் உண்மை இருப்பதுதான் அவற்றின் சிறப்பு.

முதல் பதில்: "செவுரு அவுட்டு சார்." ஆமாம், அவுட்டுதான். கொத்தனார் பூசிய சுவர் தூக்குக்குண்டுக்கு நேராக நிற்பதும், சமையலறை மூலை சரியாக 90 பாகையில் சேர்வதும் பூர்வ புண்ணியத்தைப் பொறுத்தவை. மூலை ஒரே ஒரு பாகை தவறினாலும் 600 மில்லிமீட்டர் ஆழமுள்ள பெட்டியின் முன்விளிம்பில் அது 10 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளியாக வந்து நிற்கும். இது உலகம் முழுக்க உள்ள சங்கதி. அதற்காகத்தான் சுவரோரத்தில் ஒரு ஃபில்லர் பட்டை விட்டு, சுவரின் கோணலைப் பென்சிலால் பட்டையில் இழுத்துக்கொண்டு, அந்தக் கோட்டில் இழைத்துப் பொருத்துவார்கள். சுவர் கோணல்தான், பட்டையும் அதே கோணல். பார்க்கிறவன் கண்ணுக்கு இரண்டும் நேர். பொறுமையான ஆளுக்கு ஒரு பொழுது வேலை. கொத்தனார் பிழை செய்தால் அதை மறைப்பது தச்சனின் கடமை என்று யார் சொன்னது? வள்ளல் அடுத்தவர் படைப்பில் கை வைக்காதவர். இடுக்கை அப்படியே விட்டு, அதன் மேல் வெள்ளை சிலிக்கானைப் பிதுக்கினார். அரை இஞ்ச் இடுக்கில் சிலிக்கான் நிற்காமல் உள்ளே போகப் போக, உள்ளே செய்தித்தாளைத் திணித்து அதற்கு மேல் பிதுக்கினார். இப்போது அங்கே கரப்பான் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் செழிக்கின்றன. வாடிய உயிர்களைக் கண்டு இரங்குகிறவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள்.

இரண்டாவது பதில்: "மரம்னா அப்படித்தான் சார், செட் ஆவும்." இதுவும் உண்மை. முழு மரம் காற்றின் ஈரத்தைக் குடித்து அகலவாக்கில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். சென்னையில் ஐப்பசி கார்த்திகையில் பழைய தேக்குக் கதவுகள் நிலையில் இறுகிக்கொள்வதும் சித்திரையில் தளர்வதும் அதனால்தான். அந்தக் கதவுக்கு இடம் விட்டுத்தான் செய்ய வேண்டும். விடாதவன் தச்சனே அல்ல. பிளைவுட் என்ற பொருளைக் கண்டுபிடித்ததே இந்தத் தொல்லைக்காகத்தான். மெல்லிய ஏடுகளை ஒன்றின் மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பதால் ஒரு ஏடு அசைய நினைத்தாலும் அடுத்த ஏடு விடாது. ஆனால் வள்ளலின் அன்பு தேக்குக்கும் பிளைவுட்டுக்கும் பேதம் பார்ப்பதில்லை. அசையாத பலகைக்கும் அசைவதற்கு இடம் விட்டு வைத்தார். அது அசையத்தான் வேண்டும் என்று ஏழடி உயரக் கதவுக்கு வெளிப்பக்கம் மட்டும் மைக்கா ஒட்டி, உள்பக்கம் பெயின்ட் அடித்துவிட்டார். ஒரு பக்கம் ஒட்டி மறுபக்கம் ஒட்டாத பலகை வளையும் என்பது பட்டறைப் பாலபாடம். இப்போது அந்தக் கதவு நடுவில் பொருந்தி, மேலும் கீழும் விலகி நிற்கிறது. வில் என்று ஒரு பொருள் இருந்ததையே மறந்துவிட்ட நகரத்தில் இது ஒரு பண்பாட்டுச் சேவை.

பண்பாடு என்றதும் நினைவுக்கு வருகிறது. நம் பழைய நீட்டலளவை வாய்பாட்டைப் படித்தால் முன்னோர்களும் கொஞ்சம் கஞ்சர்கள்தானோ என்று தோன்றும். எட்டு அணு ஒரு தேர்த்துகள்; எட்டுத் தேர்த்துகள் ஒரு பஞ்சிழை; எட்டுப் பஞ்சிழை ஒரு மயிர்; அப்படியே நுண்மணல், கடுகு, எள், நெல் என்று எட்டெட்டாக ஏறி, எட்டு நெல் ஒரு விரல், பன்னிரண்டு விரல் ஒரு சாண், இரண்டு சாண் ஒரு முழம். விரலை முக்கால் இஞ்ச் என்று கொண்டால் எள் ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர். நுட்பமான வேலைக்கு ஐ.எஸ்.ஓ.காரன் விட்ட அதே அளவு! எள்ளுக்குக் கீழே இன்னும் ஆறு படி இறங்குவதற்கு நம்மவர்கள் பெயர் வைத்திருந்தார்கள். வள்ளல் அந்தச் சிடுக்கையெல்லாம் அவிழ்த்து எளிமையாக்கிவிட்டார். அவர் வாய்பாட்டில் மூன்றே படிகள்: ஒரு நூல், அரை இஞ்ச், அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்.

அவருக்கு நுட்பமே தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். பில் போடுகிற அன்று வந்து பார்க்க வேண்டும். அன்று கையில் புது டேப். ஃபோன் சட்டைப் பையில். அலமாரியின் முகப்பை அளக்கிறார். ஸ்கர்ட்டிங் சேர்த்து, சுவரோரச் சிலிக்கானையும் சேர்த்து. டேப் தொய்யவில்லை. ஒரு நூல் பிசகவில்லை. 4 அடி 7 இஞ்ச் அகலம், 2 அடி 9 இஞ்ச் உயரம் என்று வந்ததா, "ரவுண்டா அஞ்சுக்கு மூணு" என்று எழுதுகிறார். நிஜத்தில் 12.6 சதுர அடி, பில்லில் 15. சதுர அடி 1,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரே ஒரு பெட்டியில் 3,600 ரூபாய் ரவுண்டில் போகிறது. ஒரு சமையலறையில் இப்படி எத்தனை பெட்டி, லாஃப்ட், படுக்கையறை வார்ட்ரோப் என்று நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள். தள்ளுவண்டியில் தக்காளி விற்கிறவரின் தராசில் முத்திரை இருக்கிறதா என்று பார்க்க அதிகாரி உண்டு. அதற்கு 2009-இல் ஒரு சட்டமே வந்திருக்கிறது. லட்சக்கணக்கில் பில் போடுகிற டேப்பை வீட்டுக்குள் வந்து பார்க்க ஆள் இல்லை.

பிசகு என்றால் கூடவும் வேண்டும், குறையவும் வேண்டும். ஒரு தடவை இந்தப் பக்கம், ஒரு தடவை அந்தப் பக்கம். அதுதான் இயற்கை. வள்ளல் இயற்கையை வென்றவர். அலமாரியில் வரும் பிசகெல்லாம் நம் பக்கம் குறையாகவும், பில்லில் வரும் பிசகெல்லாம் அவர் பக்கம் கூடுதலாகவும் மட்டுமே விழும். இத்தனை ஒழுங்காக ஒரே திசையில் பிசகுவதற்கு எவ்வளவு நுட்பம் வேண்டும்!

அவருடைய கண்ணியம் கொட்டேஷனிலேயே தெரிந்தது. நாலு பக்கக் கொட்டேஷன். பிளைவுட்டின் தர எண், மைக்காவின் நிற எண், கீல் எந்தக் கம்பெனி, சேனல் எந்தக் கம்பெனி, முன்பணம் எத்தனை சதவீதம், எந்தக் கட்டத்தில் எத்தனை சதவீதம், ஜி.எஸ்.டி. தனி. அளவு எவ்வளவு பிசகலாம் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. பெட்டியின் அகலம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தவறக் கூடாது, கதவுக்குக் கதவு இடைவெளி மேலும் கீழும் ஒன்றாக இருக்க வேண்டும், மூலைவிட்ட வித்தியாசம் 2 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, வரைபடத்தில் போடும் அளவு மைக்கா ஒட்டிய பிறகு உள்ள அளவு, கடைசி அளவு டைல்ஸ் ஒட்டிய பிறகுதான் எடுக்கப்படும் என்றெல்லாம் எழுதினால் ஒரு பக்கம்கூட ஆகாது. இவற்றில் எதுவும் ஆகாத காரியமும் அல்ல. நல்ல ரம்பமும் நிதானமும் உள்ள தச்சர்கள் நம் ஊர்ப் பட்டறைகளிலேயே, எழுதித் தரச் சொல்லாமலேயே, இதைச் செய்துகொண்டிருக்கிறார்கள். வள்ளல் எழுத மாட்டார். எழுதினால் நமக்குள் நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடுமாம். சட்டைத் துணி அளவு கொடுக்கும்போது தையல்காரர் எழுதிக்கொள்கிறாரே, அவர்மேல் நமக்கென்ன பகையா என்று மாமா கேட்டார். வள்ளல் காதில் விழவில்லை, ஃபோன் வந்திருந்தது.

எழுதாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. எழுதிவிட்டால் அளவு நிலைத்துவிடும். எழுதாமல் விட்டால் அது வளரும். கிரகப்பிரவேசத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது வீட்டுக்காரர் கால் இஞ்ச் இடுக்குக்கே சண்டை போடுவார். ஒரு மாதம் இருக்கும்போது, "சரி, பார்த்துப் பண்ணுங்க" என்பார். பத்திரிகை அடித்து, ஐயருக்கும் சமையல்காரருக்கும் அட்வான்ஸ் கொடுத்து, வாடகை வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லியும்விட்ட பிறகு, கதவு இருந்தால் போதும் என்பார். வள்ளலின் வேலை எப்போதும் அந்தக் கடைசி வாரத்தில்தான் முடியும். தற்செயலாகத்தான் இருக்க வேண்டும்.

பில்ட்-இன் அவன் கதையை விரிக்கவில்லை. அது உட்கார 560 மில்லிமீட்டர் அகலம் வேண்டும் என்று பெட்டியிலேயே படம் போட்டு ஒட்டியிருந்தது. வள்ளல் 552 கொடுத்தார். அவன் இப்போது பால்கனியில் இருக்கிறது. அதன் மேல் துளசித் தொட்டி வைத்திருக்கிறோம், நன்றாக வருகிறது.

ஆகவே, புது வீடு கட்டுகிறவர்களே, வள்ளலை நீங்களும் தேடிப் போக வேண்டியதில்லை; அவரே வருவார். வந்தால் வரவேற்று உட்காரவையுங்கள், காபி கொடுங்கள். கொட்டேஷனில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எந்த அளவு எத்தனை மில்லிமீட்டர் பிசகலாம் என்று அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். வேலை முடிந்ததும் ஒவ்வொரு டிராயரையும் ஒரு விரலால் இழுத்துப் பாருங்கள், ஒவ்வொரு கதவின் மூலைவிட்டங்களையும் உங்கள் டேப்பால் அளந்து பாருங்கள். பில்லில் போட்ட சதுர அடியையும் அதே டேப்பால் அளந்துவிட்டு, அதற்குப் பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.